விரதம் என்று நினைத்த மௌனம்

மூன்று வருஷத்துக்கு முந்தைய கார்த்திகை மாதம். திருவனந்தபுரம் பழவங்காடியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பூஜை சாமான் கடை. பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய் முதல் இருமுடிப் பை வரை விற்போம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு முதலில் பிடித்துப்போனதே என் வீட்டுக்காரரின் வாய்தான். தேங்காய் வாங்க வருகிறவரைச் சிரிக்க வைக்காமல் அனுப்பமாட்டார்.

அந்த வருஷமும் ஐயப்பனுக்கு மாலை போட்டார். ஆனால் பேச்சு அடியோடு நின்றுபோனது. கூட்டம் அலைமோதுகிற சீசனில் கல்லாவில் சும்மா வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'ஆஹா, இதல்லவா விரதம்!' என்று பூரித்துப்போனேன். பக்கத்துக் கடைக்காரர், "சேச்சி, இக்கொல்லம் சாமிக்கு நல்ல பக்தியாணு" என்று, இந்த வருஷம் சாமிக்கு பக்தி ஜாஸ்தி என்பதை மலையாளத்தில் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் ரெடியாக இருந்தது. குரல் கரகரத்ததா, சரணம் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருக்கும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்லிப் போர்த்திக்கொண்டாரா, விடியுமுன் பச்சைத்தண்ணீரில் குளிக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும். ஒருவேளைச் சாப்பாட்டிலும் உடம்பு ஊதியதா, அது ஐயப்பன் அருள்!

மகரவிளக்கு பார்த்துவிட்டு வந்து மாலையைக் கழற்றினார், தாடியை எடுத்தார். பேச்சு மட்டும் திரும்பி வரவில்லை. மலையேறிய அசதி என்று அதற்கும் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம்தான் நாகர்கோவிலிலிருந்து அவருடைய அக்கா வந்தார். மைனி என்று கூப்பிடுவேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது என்பது குடும்பத்துக்கே தெரிந்த விஷயம். என் குழம்பில் உப்பு சரியாக இருந்தாலும் அதிலும் ஒரு குறை கண்டுபிடிப்பார். வாசலில் செருப்பைக் கழற்றியவர், தம்பியின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"எட்டீ, எனக்க தம்பி மூஞ்சி ஏன் இப்பிடி வீங்கிக் கெடக்கு? நீ பாக்கலியா?"

"விரதம் இருந்த உடம்பு மைனி..."

"விரதம் முடிஞ்சு போச்சில்லா?"

மைனி தம்பி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "கை ஐஸா இருக்கே. உனக்கு என்னலே செய்யுது, அக்காட்ட சொல்லு."

அவர் அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமே பிடிக்கலக்கா. மலையில இருந்து கீழ எறங்கவே வேண்டாம்னு தோணிச்சு."

உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று நினைத்ததைத்தான் சொல்கிறார் என்று புரிந்ததும் நான் அழ ஆரம்பித்தேன். மைனி அழவில்லை. "அழுகைய அப்புறம் வச்சுக்கலாம். ஆட்டோவக் கூப்பிடு" என்றார்.

டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு மிகவும் குறைந்திருந்தது. அது குறைந்தாலே மனசும் சேர்ந்து சோர்ந்துபோகலாமாம். தூக்கம் எப்படி, என்ன சாப்பாடு, வெயிலில் நடப்பதுண்டா என்றெல்லாம் கேட்டார். மாதக்கணக்கில் அவர் கடைக்குள்ளேயே அடைந்து கிடந்து, அரைகுறைத் தூக்கத்தோடு டீயைக் குடித்தே ஓட்டியது அப்போதுதான் எனக்கே உறைத்தது. மலையில் தோன்றியதை அவர் சொன்னதும் டாக்டரம்மா அன்றைக்கே மனநல டாக்டரிடமும் அனுப்பினார். "உடம்பு வேற, மனசு வேறன்னு பிரிக்கண்டா. ரெண்டையும் ஒண்ணிச்சு நோக்கணும்" என்றார்.

மாத்திரை போட்ட மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. சில நாள் தேறுவார், சில நாள் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பார். மைனி ஊருக்குப் போகாமல் இருந்து, காலையில் தம்பியைத் தரதரவென்று நடக்க இழுத்துப் போனார். மத்தியானம் வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பிட வைத்தோம். சும்மா சொல்லக்கூடாது, அந்த நாட்களில் என் குழம்பைப் பற்றி மைனி ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு ஒருநாள் கடையில் யாரோ தேங்காயை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாரே, அது தேங்காயாணு, கதவல்ல. எவ்வளவு தட்டினாலும் உள்ளேருந்து ஆரும் வரமாட்டாங்க" என்றது என் வீட்டுக்காரரின் குரல். வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் உள்ளே போய்ச் சூடம் அடுக்குகிற சாக்கில் அழுது தீர்த்தேன்.

இப்போதும் கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட சாமிமார்கள் கடைக்கு வருவார்கள். யாராவது ரொம்ப அமைதியாக நின்றால், கும்பிடுவதற்கு முன்னால் "சாமி, சாப்பிட்டீங்களா, நல்லா தூங்குறீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். அந்த வருஷம் என் வீட்டிலேயே இருந்த சாமியிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.