மாத்தி வை, கேட்டோ

கழக்கூட்டத்து சாஃப்ட்வேர் அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்கு அவன் வந்த புதிதில் நாளெல்லாம் கேள்விதான். கடைசியாகக் கமிட் செய்து பதிந்த மாற்றத்தை எப்படித் திரும்பப் பெறுவது? என் மெஷினில் ஓடுகிற புரோகிராம் சர்வரில் ஏன் படுத்துக்கொள்கிறது? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நானும் சலிக்காமல் பதில் சொன்னேன். இணையத்தில் தேடினால் நொடியில் கிடைப்பதைத்தான் என்னிடம் கேட்கிறான் என்பது தெரிந்தே இருந்தது. அவன் கேட்காத நாளில் எனக்கு வேலை ஓடாது.

அவன் திருநெல்வேலிக்காரன். நான் தலைமுறைகளாகத் திருவனந்தபுரத்தில் ஊறிய குடும்பத்துத் தமிழச்சி. என் பேச்சில் பாதி மலையாளம் என்று கிண்டல் செய்வான். "நீங்க பேசுதது தமிழ்தானா? அடில சப்டைட்டில் போடுங்க" என்பான்.

ஒரு மாலை கேண்டீனில் டீ குடிக்கும்போது வேலையைப் பற்றியல்லாத ஒரு கேள்வி கேட்டான். "எங்க அம்மாவ உங்க வீட்டுக்கு வரச் சொல்லட்டா?"

எனக்குப் புரிந்துவிட்டது. முகமெல்லாம் சூடாகி, சரி என்று சொல்ல வாய் திறக்கும்போது ஃபோன் அடித்தது. அப்பா வழுக்கி விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றாள் அம்மா. பையை எடுத்துக்கொண்டு ஓடுகிற ஓட்டத்தில் அவனிடம், "அது மாத்தி வை, கேட்டோ" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அப்பா வீடு திரும்பிய பிறகு நான் மறுபடி வேலைக்கு வந்தேன். அப்பாவின் நலத்தை அவன் விசாரித்தான். வேறொன்றும் கேட்கவில்லை. கோட் பற்றிக்கூட ஒன்றும் கேட்கவில்லை. பெருந்தன்மையாகக் காத்திருக்கிறான் என்று நினைத்தேன். அப்பா தடியில்லாமல் நடக்கட்டும், நானே பேச்சை எடுக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் ஊருக்குப் போய் வந்தவன் எல்லோர் மேசையிலும் கல்யாணப் பத்திரிகை வைத்தான். என் மேசையிலும் வைத்தான். "கங்கிராட்ஸ்" என்றேன். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சட்டையைப் பிடித்து ஏன் என்று கேட்டிருப்பேன்; ரோஷம் விடவில்லை.

சில நாள் கழித்து, வெகு காலத்துக்குப் பிறகு ஒரு கேள்வி வந்தது. எழுதிய கோட் பாதியில் நிற்கிறது, அவசரமாக வேறொரு பிழையைத் திருத்த வேண்டும். "இத என்ன செய்ய?" என்றான்.

"மாத்தி வை" என்றேன், அவனைப் பார்க்காமலே.

எழுதியதை அழிக்கத் தொடங்கினான். எனக்கு ஆத்திரம் வந்தது. "எந்தா இது? அழிக்க யார் சொன்னா? மாத்தி வைன்னுதானே சொன்னேன்!"

"மாத்தத்தான செய்யுதேன்? இது வேண்டாம், வேற எழுதுன்னுதான சொன்னீங்க?"

"ஐயோ, ஸ்டாஷ் பண்ணுன்னு சொன்னேன். இப்போதைக்கு ஒதுக்கி வை, பின்னே எடுத்துக்கலாம். மலையாளத்துல மாத்தி வைக்கறதுன்னா அதாக்கும். நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம்."

அவன் கைகள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன. "அன்னைக்குச் சொன்னதும் அதானா?" என்றான்.

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் ஆமென்று தலையை ஆட்டினேன். எண்ணத்தை மாற்றிக்கொள் என்று நான் சொன்னதாக இத்தனை நாளும் நினைத்திருக்கிறான். கேட்டோ என்பது எங்கள் பேச்சின் வால், அதற்குப் பெரிய அர்த்தமெல்லாம் கிடையாது. அவனோ சொன்னபடி கேட்டுவிட்டான். ஒரு கமா எங்கே போடுவது என்றுகூட என்னிடம் கேட்டவன், இதை மட்டும் கேட்கவில்லை. பத்திரிகை ஊரெல்லாம் போயாகிவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு பெண் முகூர்த்தப் புடவை எடுத்து வைத்திருப்பாள். அவள் என்ன பாவம் செய்தாள்?

கல்யாணத்துக்கு முன்பே சென்னையில் வேலை தேடிக்கொண்டான். கடைசி நாள், லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க எழுந்தவன் என் பக்கம் திரும்பினான்.

"அன்னைக்கு ஸ்டாஷ்ல வச்சத நான் எடுக்கவே இல்ல. மெஷினக் குடுத்துட்டா அது போயிருமா?"

"போயிடும்" என்றேன். "அது அவங்கவங்க மெஷின்ல மட்டும்தான் இருக்கும். வேற ஒருத்தருக்கும் தெரியாது, கேட்டோ."