மகாலிங்கம் குடித்திருக்கவில்லை

அன்று விடியற்காலை மழையோடு கரண்டும் போயிருந்தது. ஏழு மணியளவில் திகனயிலிருந்து ரிஸ்வான் போன் செய்தார். எங்கள் ஹோட்டல் பயிற்சி வகுப்பின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்.

"டீச்சர், மகா அண்ணன் மௌத்தாகிட்டார்."

"எந்த மகா அண்ணன்?" என்று கேட்டேன்.

எனக்குத் தெரிந்த மகா அண்ணன் ஒருவர்தான். முந்தின நாள் மாலைதான் சனிக்கிழமை வகுப்புக்கு எத்தனை வைன் கிளாஸ் வேண்டும் என்று அவரோடு பேசியிருந்தேன். "உடையுறதுக்கு ரெண்டு சேர்த்துக் கொண்டாங்க டீச்சர்" என்றார். அந்த மனிதர் இறந்துவிட்டார் என்றால் அது வேறொரு மகாலிங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று என் மனம் ஒரு நிமிடம் பிடிவாதம் பிடித்தது.

"கேஸ் கசிஞ்சிருக்கு டீச்சர். தெரியாம அடுப்பப் பத்த வச்சிருக்கார். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிட்டு."

அடுத்து நான் கேட்டதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. "அவருக்கா கேஸ் நாத்தம் தெரியாமப் போச்சு?"

மகாலிங்கத்தை அறிந்த நீங்கள் எல்லோரும் அதையேதான் கேட்டிருப்பீர்கள். தட்டுக் கழுவப் போன ஹோட்டலில் இருபத்தேழு வருடங்களுக்குப் பிறகு வைன் பகுதிக்கே பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒருமுறை வெளிநாட்டு விருந்தினரின் மேசையில் போத்தலைத் திறந்தவர், தக்கையை மூக்கருகே கொண்டுபோய்விட்டு, ஊற்றாமலேயே போத்தலைத் திருப்பி எடுத்திருக்கிறார். விருந்தினர் கோபித்து, அடம்பிடித்து ஒரு வாய் வாங்கிப் பார்த்து, வைன் கெட்டிருப்பதை உணர்ந்து, எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாராம். கண்டியில் ஹோட்டல் வேலை செய்கிறவர்களில் இந்தக் கதையைக் கேட்காதவர்கள் குறைவு. அப்படிப்பட்ட மூக்கு.

பிலிமத்தலாவையில் மரண வீட்டுக்குப் போனபோது மழை விட்டிருக்கவில்லை. கூடாரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"வைன் ஆளுதானே. போத்தலோட உக்காந்திருப்பாரு."

"பொண்டாட்டியும் ஊர்ல இல்ல. பொறகென்ன."

"நாத்தம் எங்க வாசல் வரைக்கும் வந்திச்சுங்கிறேன். உள்ள இருந்த மனுசனுக்கு மூக்கு இல்லையா?"

நான் திரும்பிப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மூன்று வருடம் அவரோடு வேலை செய்திருக்கிறேன். ருசி பார்க்கும்போது ஒரு மிடறு எடுப்பார், துப்புவார், வாயைக் கொப்புளிப்பார். அவர் இரண்டாம் மிடறு எடுத்து நான் கண்டதில்லை. ஆனாலும் அவர்கள் கேட்ட கேள்வி எனக்குள்ளும் இருந்தது. திடீர் மரண விசாரணை அதிகாரி விபத்து என்று எழுதிவிட்டுப் போனார். ஊருக்கு அது போதவில்லை.

முப்பத்து நான்கு வருடம் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு வீட்டில் இருந்த என்னைத் தேடி வந்தவர் அவர்தான். தோட்டங்களிலிருந்து ஹோட்டல் வேலைக்கு வரும் இளைஞர்களுக்குத் தமிழில் வைன் பாடக்குறிப்பு எழுத வேண்டும் என்றார். நான் வைனைக் கண்ணால் கூடச் சரியாகப் பார்த்ததில்லை என்றேன்.

"அதனாலதான் வந்தேன் டீச்சர். தெரிஞ்சவங்க எழுதுனா தெரிஞ்சவங்களுக்குத்தான் விளங்கும். இங்கிலீஷ் புத்தகத்துல பிளாக்கரண்ட் வாசம்னு போட்டிருக்கான். எங்க புள்ளைங்க அத எங்க கண்டுச்சு?"

பிளாக்கரண்டுக்குப் பக்கத்தில் நாவற்பழத்தை எழுதினோம். நாக்கைப் பிடிக்கும் துவர்ப்புக்கு, அதிக நேரம் ஊறிப்போன தேயிலைச் சாயத்தை எழுதினோம். ஒரு போத்தலில் ஏன் இரண்டு மூன்று வகைத் திராட்சையைக் கலக்கிறார்கள் என்று நான் கேட்டபோது அவர் சொன்னது குறிப்பில் இல்லை, வகுப்பில் மட்டும் சொல்வார். "கெபர்னேன்னு ஒருத்தன், விறைப்பான ஆளு. மெர்லோன்னு ஒருத்தி, மெதுவான புள்ள. ரெண்டு பேரையும் ஒரே போத்தல்ல இருபது வருசம் பூட்டி வச்சா யாரு யாருன்னு தெரியாமப் போயிரும். நம்பாட்டி எங்க வீட்டுக்கு வந்து என்னையும் பொண்டாட்டியையும் பாருங்க."

இந்த வருடத் தொடக்கத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கலகெதர வீதியில் ஒரு மலை ஹோட்டலின் முகாமையாளர் வகுப்புக்கு வந்தார். அவர்களுடைய களஞ்சிய அறையில், பழைய முதலாளி வாங்கிப்போட்ட பிரெஞ்சு போர்தோ சிவப்பு வைன் இரண்டு டசன் போத்தல்கள் இருந்தன. வைனின் வயது இருபத்து நான்கு. விருந்தினருக்குக் கொடுக்கலாமா, கொட்டிவிடலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு போத்தலை முதல் நாளே கொடுத்தனுப்பியிருந்தார். "உங்க மூக்கு சொன்னாப் போதும் அண்ணே" என்றார்.

மண்டி அடியில் தங்கும்படி மகாலிங்கம் போத்தலை முந்தின நாளிலிருந்தே நிமிர்த்தி வைத்திருந்தார். தக்கை பாதியில் நொறுங்கியது, பொறுமையாக எடுத்தார். போத்தலின் கழுத்துக்குப் பின்னால் டோர்ச் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணாடிச் சாடியில் மெதுவாக ஊற்றினார். கறுப்பு மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்தினார். பிறகு கிளாஸில் கொஞ்சம் விட்டு, வெள்ளைத் துணிக்கு மேலே சரித்துக் காட்டினார். நடுவில் மாதுளை நிறம். ஓரத்தில் பழைய கூரை ஓட்டின் நிறம்.

"டீச்சர் முதல்ல சொல்லட்டும்" என்றார்.

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"மோந்து பாருங்க. வாயில வச்சா விழுங்க வேணாம், துப்பிருங்க."

"வகுப்புல துப்புனதுக்கு எத்தனை பேரை வெளியில நிப்பாட்டியிருக்கேன் தெரியுமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

விடுமுறை முழுவதும் பூட்டியிருந்த வகுப்பறையை மழைக்காலத்தில் திறந்தது போன்ற வாசம் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "ஈரக் கடதாசி மாதிரியா, சும்மா அடைச்ச காத்து மாதிரியா?" அடைத்த காற்று என்றேன். ஈரக் கடதாசி வாசம் என்றால் தக்கை கெடுத்த வைன் என்று எங்கள் குறிப்பிலேயே இருந்தது. கிளாஸைச் சுழற்றச் சொல்லி ஐந்து நிமிடம் காத்திருந்தார். "இப்ப? அது போகுதா, நிக்குதா?" போய்விட்டது என்றேன். "நிச்சயமா?" நிச்சயமாக. "உள்ள என்ன வருது? இன்னும் கொஞ்சம் சொல்லுங்க டீச்சர்."

பென்சில் சீவிய தூள் என்றேன். காய்ந்த பேரீச்சம்பழம், சுருட்டுப் பெட்டி, புதுச் செருப்பு. ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது எனக்கே ஆச்சரியம். அறுபத்தாறு வயதில் முதன்முதலாக ஒரு கிளாஸுக்குள் அவ்வளவு இருப்பதைக் கண்டேன். வாயில் வைத்தபோது பழைய துவர்ப்பு உதட்டோரம் மட்டும் மிச்சமிருந்தது. மற்றதெல்லாம் மெத்தென்று இறங்கியிருந்தது. துப்ப மனமில்லாமல் துப்பினேன்.

அவரும் ஒரு மிடறு எடுத்து, வாய்க்குள் உருட்டி, துப்பினார். "புளிப்பு உசிரோட இருக்கு. துவர்ப்பு இன்னும் விடல. தக்கை கெடுக்கல. தைரியமாக் கொடுங்க. ரெண்டு வருசத்துக்கு மேல வைக்காதீங்க" என்று முகாமையாளரிடம் சொன்னார். ஒரு ஆசிரியர் இன்னோர் ஆசிரியருக்கு இடம் கொடுக்கிறார் என்றே அன்று நினைத்தேன். எவ்வளவு நல்ல படிப்பித்தல் முறை என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மெச்சிக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவருடைய மனைவி சரோஜாவைப் பார்க்கப் போனேன். குசினிச் சுவர் கரி பிடித்துக் கிடந்தது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அவருக்கு மூக்கு போயி நாலு வருசம் டீச்சர்" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

"கொரோனா வந்து போனதோட போச்சு. திரும்பி வரவே இல்ல. பக்கத்துல கருவாடு பொரிச்சாலும் தெரியாது. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. தெரிஞ்சா யாரு கூப்பிடுவாங்க? டீச்சர்கிட்டயாவது சொல்லுங்கன்னேன். 'டீச்சருக்குத் தெரிஞ்சா, அப்புறம் எப்பிடி டீச்சர்கிட்ட கேக்குறது'ன்னாரு."

அப்படியானால் அடுப்புப் பக்கம் ஏன் போனார் என்று கேட்டேன்.

"கேஸ் பக்கம் போகாதீங்கன்னு சொல்லி, தண்ணி சுட வைக்க கரண்ட் கேத்தல் வாங்கி வச்சிட்டுத்தான் ஹட்டனுக்கு மக வீட்டுக்குப் போனேன். கரண்ட் போகும்னு நெனக்கல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்ப குடிச்சிட்டுச் செத்தாருன்னு பேசுறாங்க. மகளோட மாமியாரே கேட்டுட்டாங்க. உள்ளதைச் சொன்னா, மூக்கு இல்லாம ஊரை ஏமாத்துனாருன்னுவாங்க. சொல்லாட்டி குடிகாரன். நான் எதைச் சொல்ல?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அன்று முழுவதும் ஒரே விஷயம்தான் மனதில் நின்றது. கரும்பலகை தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும். அந்தப் பிள்ளைகளை எத்தனை பேரைக் கண்டுபிடித்து, பெற்றோரை அழைத்து, கண்ணாடி போட வைத்திருக்கிறேன். மூன்று வருடம் என் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்து எழுதியவரைக் கண்டுபிடிக்கவில்லை.

மறுநாள் நான் போனபோது சரோஜா எனக்கு முன்பே முடிவெடுத்திருந்தார்.

"எழுதுங்க டீச்சர். ஒளிச்சது நெசம். குடிச்சது பொய். பேசுறவங்க நெசத்தையே பேசட்டும்."

ஆகையால் எழுதுகிறேன். அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை செய்தவர்களும் எங்கே இந்தப் பேச்சு வந்தாலும் சொல்லுங்கள்: மகாலிங்கம் குடித்திருக்கவில்லை. அவருக்கு வாசம் தெரியவில்லை. ஏமாற்றினாரா என்று யாராவது கேட்டால் இதையும் சொல்லுங்கள். அந்த மூன்று வருடத்தையும் ஒவ்வொரு வகுப்பாக நினைத்துப் பார்த்துவிட்டேன். முன்னால் இருந்த ஒரு கிளாஸைப் பற்றியும் இன்ன வாசம் என்று அவர் தன் வாயால் சொன்னதில்லை. நிறத்தைச் சொன்னார், நாக்கு அறிந்ததைச் சொன்னார். மிச்சத்தைக் கேட்டார்.

வகுப்பறையில் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் எனக்கு முன்பே தெரியும். அதனால் பிள்ளைகள் சொன்னதைப் பாதிக் காதோடுதான் கேட்டிருக்கிறேன். மகாலிங்கம் என்னைக் கேட்டபோது பதில் அவரிடம் இருக்கவில்லை. ஒரு சொல் தவறினால் தன் பெயரே போய்விடும் என்ற நிலையில், கண் இமைக்காமல் கேட்டார். வாழ்நாளில் என் பேச்சை வேறு யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்தப் பத்து நிமிடம் என்னிடம் இருக்கிறது. ஏன் இப்படிக் கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை நான் திருப்பிக் கேட்காமல் விட்டதும் இருக்கிறது.