வட்டத்து மேடம்

பள்ளி விட்டதும் வீட்டில் ஆளில்லாத பிள்ளைகள், அம்மா அப்பா வேலை முடிந்து வரும்வரை தங்கியிருக்க மாநிலம் முழுக்க மாலை மையங்கள் இருந்தன. அவற்றைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு அவளுடையது. ஊர் ஊராகப் போவாள். கூரை ஒழுகினால் ஆள் அனுப்புவாள், பந்து கிழிந்திருந்தால் புதுப் பந்து வாங்கித் தருவாள். அதோடு நின்றிருக்கலாம். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவராக மனம்விட்டுப் பேச வைப்பது அவளே யோசித்துக் கண்டுபிடித்த முறை. அதனால் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'வட்டத்து மேடம்' என்று பெயர்.

வீட்டையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் கணவனையும் மாமியாரையும் தரையில் உட்கார வைத்து, இன்றைக்கு நடந்த நல்லது ஒன்றைச் சொல்லுங்கள் என்றாள். "எந்திரிக்க ஒரு கை குடு. அதான் இன்னிக்கு எனக்கு நல்லது" என்றார் மாமியார். கணவன் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கோபம் வந்ததே தவிர, புத்தி வரவில்லை.

அந்த முறையை எல்லா மையங்களிலும் கட்டாயமாக்கலாமா என்று முடிவெடுக்கத் துறை இயக்குநரே நேரில் கிளம்பினார். தனக்கு ரொம்பப் பிடித்த மையத்துக்கு அவரை அழைத்துப் போனாள். தெருமுனையில் லாரி ஒன்று வழியை மறித்து நின்றது. எதற்கும் ஒரு எட்டு பார்த்துவிடுவோம் என்று அவள் மட்டும் இறங்கி நடந்தாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே பெஞ்சுகளை வரிசையாகப் போட்டுப் பிள்ளைகள் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வட்டத்தில் உட்கார்ந்தால் வாயே திறக்காத ரெட்டைச் சடைப் பெண்தான் கண்டக்டர். "உள்ள போங்க, உள்ள போங்க! படியில தொங்காதீங்க சார், உங்க வீட்ல தேட மாட்டாங்களா?" என்று தொண்டை கிழியக் கத்தினாள். மையத்து டீச்சர் மடியில் கைப்பையோடு கடைசி சீட்டில் உட்கார்ந்து, மீதிச் சில்லறை கேட்டுச் சண்டை போட்டாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கும்மாளத்தை அவள் எந்த மையத்திலும் கேட்டதில்லை.

லாரி விலகியிருக்க வேண்டும், தெருவில் அவள் வண்டியின் ஹாரன் சத்தம் கேட்டது. "வந்துட்டாங்க!" என்றாள் டீச்சர். கண் மூடித் திறப்பதற்குள் பஸ் காணாமல் போயிற்று. பெஞ்சுகள் சுவரோரம் போய்விட்டன. பிள்ளைகள் முதுகை நிமிர்த்தி வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். அவ்வளவு சுத்தமாகப் பழகியிருந்தார்கள். பழக்கியது அவள்தான். தான் போன இடத்திலெல்லாம் தன் வண்டிச் சத்தத்துக்கு என்னென்ன நின்றுபோயிருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

இயக்குநர் அவளோடு உள்ளே வந்தார். "இப்படி உக்காந்து பேசுறது யாருக்கெல்லாம் பிடிச்சிருக்கு?"

எல்லாக் கைகளும் ஒன்றாக உயர்ந்தன. உயர்ந்த கைகள் இறங்கவில்லை. எப்போது இறக்குவது என்று எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், பதவி உயர்வுகூட வரலாம். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கும் சேர்த்து அவள் வெட்கப்பட்டாள்.

"கைய இறக்குங்க கண்ணுங்களா" என்றாள். "சார், இது எதுவும் நிஜமில்ல. நான் பழக்கி வச்சது."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "அதத்தாம்மா எல்லா ஊர்லயும் பழக்கணும்ங்கிறேன்!"

"வேணாம் சார். நான் வர்றேன்னாலே புள்ளைங்க விளையாட்ட நிறுத்திடுதுங்க. இப்பவும் நிறுத்திட்டுதான் உக்காந்திருக்குதுங்க. ஜன்னல் வழியா நானே பார்த்தேன்." தவறு செய்தவளைப் போல டீச்சர் தலைகுனிந்தாள். அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, இப்போதைக்கு நிறுத்தி வைப்போம். ஆபீஸ்ல வந்து பேசுங்க" என்று வண்டிக்கு நடந்தார்.

வட்டம் கலையவில்லை. அவள் பிள்ளைகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "சார் போயிட்டாரு. நீங்க விளையாடுங்க."

ஒருவரும் அசையவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ரெட்டைச் சடைப் பெண் மெல்லக் கை தூக்கினாள்.

"எப்படி விளையாடணும் மேடம்?"