இருபது கே.பி. முகம்

எங்கள் ஷூ கம்பெனியில் ஜெயசீலன் அண்ணன் பதினொரு வருடமாகப் போட்டோ எடுக்கிறார். சாம்பிள் ரூமில் அவர் பக்கத்து மேசை என்னுடையது. ஆம்பூரில் கல்யாணம் எடுப்பவர்களுக்கு மணமக்கள் சிரித்துத் தொலைக்க வேண்டுமே என்ற கவலை. இவர் எடுப்பது ஷூவை, அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒவ்வொரு தையலும் தெரிய வேண்டும், அச்சில் தோலின் நிறம் மாறக் கூடாது என்பான் ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரன். அதனால் ஒரு ஜோடி ஷூவைப் பன்னிரண்டு கோணத்தில் எடுத்து, பெரிய பெரிய ஃபைலாக இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவைப்பார். ஆர்டரே வராத ஷூவுக்கும் அதே மரியாதைதான்.

அடையாள அட்டைக்குத் தொழிலாளர்களையும் அவர்தான் எடுப்பார். அதே கேமரா, அதே லைட். ஆனால் கம்பெனி கம்ப்யூட்டர் இருபது கே.பி.க்கு மேல் வாங்காது. சுருக்கி ஏற்றிவிட்டு, பெரிய படங்களைத் தனியாக வைத்திருந்தார். போன தை மாதம் டிஸ்க் நிரம்பிவிட்டது. புது டிஸ்க் கேட்டதற்கு மேனேஜர், "வேண்டாததத் தூக்கிப் போட்டுட்டு வேலையப் பாருப்பா" என்றார். அண்ணன் தூக்கிப் போட்டது ஆட்களை. அந்த இடத்தில் குளிர்கால பூட்ஸ் ஏறியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆடியில் தையல் பிரிவு சுந்தரி மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். முப்பத்தெட்டு வயது. அவளிடம் இருந்தது பட்டன் போன்தான். காரியத்துக்குப் படம் வேண்டுமென்று அவள் அம்மா கம்பெனிக்கே வந்துவிட்டார்.

"நீதான நைனா அவள எடுத்த? பெருசா ஒண்ணு போட்டுக் குடு. ஆதார்ல மூஞ்சியே தெர்ல."

அண்ணன் அந்தப் பொடிப் படத்தைப் பெரிதாக்கினார். கட்டம் கட்டமாக உடைந்தது. ஸ்டுடியோ வைத்திருக்கும் தோஸ்த் ரிஹானுக்கு அனுப்பினார். அவன் ஏஐ போட்டுத் தெளிவாக்கி அனுப்பினான். கண், பல், தோடு எல்லாம் பளிச்சென்று வந்தன. அதைப் பிரிண்ட் போட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தார்.

அவர் வெகுநேரம் பார்த்தார். "அழகாத்தான் கீறா. யாரு நைனா இது?"

அத்தனை பேர் முன்னால் அண்ணன் அழுதுவிட்டார். "நல்ல படம் இருந்திச்சும்மா. நான்தான் அழிச்சிட்டேன். ஷூவுக்கு எடம் பத்தலன்னு அழிச்சிட்டேன்."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அழுவாத. கீறதக் குடு" என்றார். எனக்கு அந்த டிஸ்கைத் தூக்கிச் சுவரில் அடிக்கத் தோன்றியது. அடித்து என்ன ஆகப்போகிறது?

கடைசியில், உடையாமல் எவ்வளவு வருமோ அவ்வளவுக்குப் பிரிண்ட் போட்டார். தீப்பெட்டி அளவுதான் வந்தது. காரியத்தன்று நாங்கள் போனபோது ஒரு பெரிய சட்டத்தின் நடுவில் அது ஒட்டியிருந்தது. அந்த அம்மா ரோஜா மாலையைப் போட்டார். முகம் மறைந்துவிட்டது. விலக்கிப் போட்டுப் பார்த்தார், மறுபடியும் மறைந்தது. பிறகு மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காரியம் முடிகிறவரை அது அவர் மடியிலேயே இருந்தது.