திறக்காத அக்கா படம்

என் அக்கா வீட்டுக்காரர் முப்பது வருஷமாக ஸ்டூடியோ நடத்துகிறார். இந்த முப்பது வருஷத்தில் கடையின் நாற்காலிகள் மூன்று முறை மாறிவிட்டன. மாமாவின் தலைமுடியும் மாறிவிட்டது, அதாவது போய்விட்டது. படம் திருத்துகிற சாஃப்ட்வேர் மட்டும் பதினாறு வருஷமாக அதேதான். எங்கே அது தானாகப் புது வெர்ஷனாகிவிடுமோ என்று பயந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இணைப்பே கொடுக்கவில்லை. புதுசெல்லாம் வேலை தெரியாதவனுக்கு என்பார். பக்கத்து மேசையில் ஆல்பம் ஒட்டுகிற நான் வாயைத் திறக்க மாட்டேன். சோறு போடுகிற இடம்.

வெளியே படமெடுக்கப் போகும்போதெல்லாம் வெளிச்சத்தைத் திருப்பும் வெள்ளைத் தட்டியைக் கை கடுக்கப் பிடித்து நின்றவள் அக்கா. யார் யார் முகத்திலோ வெளிச்சம் விழவைத்தவளுக்கு, பாஸ்போர்ட் சைஸ் தவிர சொந்தமாக ஒரு படம் கிடையாது. ஐம்பது வயதான அன்று கேட்டேவிட்டாள்.

"எனக்கு ஒரே ஒரு நல்ல படம் எடுத்துக் குடுங்க. கூடத்துல மாட்டணும்."

வேறு எதையும் அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மாமா அப்போதுதான் புதுக் கேமரா வாங்கியிருந்தார். பெரிய ஆட்களெல்லாம், கேமரா பார்த்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில்தான் எடுப்பார்கள் என்று விற்றவன் ஏற்றிவிட்டிருந்தான். இவரும் ராவைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று சபதமெடுத்து, அக்கா படத்தோடு அதைத் தொடங்கினார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மனிதர் அன்று நன்றாகவே எடுத்தார். ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, அவள் தன்னை மறந்து சிரிக்கிற வரை காத்திருந்தார். கேமராவின் பின்பக்கக் குட்டித் திரையில் பார்த்து அக்கா வெட்கப்பட்டாள்.

கம்ப்யூட்டரில் போட்டால் படம் திறக்கவில்லை. இந்த வகை ஃபைல் எனக்குத் தெரியாது என்று சாஃப்ட்வேர் கையை விரித்தது. மாமா முதலில் மெமரி கார்டைத் திட்டினார், பிறகு கேபிளை. அப்புறம் மூளையைக் கசக்கி, ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை அழித்துவிட்டுப் பழைய கேமராவின் எழுத்துகளைப் போட்டார். வாசலில் பெயர்ப்பலகையை மாற்றினால் உள்ளே ஆளும் மாறிவிடுவான் என்ற நினைப்பு. சாஃப்ட்வேர் அவரை விட விவரமானது, ஏமாறவில்லை.

பொறுக்க முடியாமல் நான் வாயைத் திறந்தேன்.

"மாமா, இந்த சாஃப்ட்வேர் வந்தப்போ இந்தக் கேமராவே கிடையாது. அதுக்கு எப்படித் தெரியும்? இலவசமா ஒரு கன்வெர்ட்டர் இருக்கு. வேற கம்ப்யூட்டர்ல போட்டு மாத்திட்டு வந்தா இதுலயே திறக்கும். பத்து நிமிஷ வேலை."

"பசை தடவுற வேலையை மட்டும் பாரு மாப்ள" என்றார்.

பத்து நாள் அக்கா சாப்பாடு போடும்போதெல்லாம் படம் என்னாச்சு என்று கேட்டாள். பத்து நாளும் கலர் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று கூசாமல் புளுகினார். பதினோராம் நாள் அந்த மேதை கேமராவைக் கடை டிவியோடு இணைத்து, டிவியில் அக்கா படத்தை வரவைத்து, பழைய கேமராவால் அந்த டிவியைப் படமெடுத்தார். அந்தப் படம் கம்ப்யூட்டரில் திறந்தது. ஆனால் அக்கா முகம் முழுக்கக் கொசுவலை மாதிரி கோடுகள். கோட்டை மறைக்கத் தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். கோடு போனது. கண்ணோரச் சுருக்கமும் மோவாய்த் தழும்பும் கூடவே போயின. உரித்த முட்டை போல ஒரு முகம் மிஞ்சியது. அதற்குச் சட்டம் வேறு போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கா. யாருங்க இவ?"

மாமா கோடு விழுந்த கதையை ஆரம்பித்தார். அசல் படம் கார்டில் இருக்கிறதா என்று மட்டும் அக்கா கேட்டாள். இருக்கிறது, ஆனால் அது திறக்கவே திறக்காது என்றார். அவர் தோளில் தொங்கிய கேமராவிலிருந்து அவள் கார்டை உருவிப் பர்ஸில் போட்டுக்கொண்டு, எங்கள் கடைக்கு எதிரே போன வருஷம் ஒரு பெண் திறந்த ஸ்டூடியோவுக்கு நடந்தாள். அரைமணியில் படத்தோடு திரும்பினாள். சுருக்கம், தழும்பு, சிரிப்பு எல்லாம் இருந்தன. இதைக் கடைக் கண்ணாடியில் வைக்கலாமா என்று அந்தப் பெண் கேட்டாளாம். பெரிசாகவே வை என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

இப்போது மாமா காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் திரும்பினால், எதிர்க்கடைக் கண்ணாடியில் ஆளுயரத்துக்கு அக்கா சிரிக்கிறாள். போன வாரம் எங்கள் கடைக்கு வந்த ஒருவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அது நான் எடுத்த படம்."

"அப்படியா? அப்புறம் ஏன் அங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனார்.