இளவரசி எழுதிக் கொடுத்த காகிதம்

எழுதிக் கொடுத்தாள், ஆமாம். முதல் தடவை கேட்டு எழுதியது தப்பு, அந்தத் தப்பு என்னுடையது என்று தன் கையால், தன் பெயரைப் போட்டு இளவரசி எழுதிக் கொடுத்தது நிஜம்தான். அதை இங்கே யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, பொய்யாக எழுதி மாட்டிக்கொண்டாள், டிரஸ்ட்டுக்காரர்கள் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள் என்று ரேஷன் கடை வரிசையில் நின்று பேசுகிறார்களே, அது என்ன நியாயம்? அப்படிப் பேசுகிறவர்களில் முதல் ஆள் ராணியம்மாள். வியாழக்கிழமை தவறாமல் சமுதாயக் கூடத்தில் இலை போட்டுச் சாப்பிடுகிறாள். அந்தக் காகிதம் மட்டும் இல்லாவிட்டால் அந்த இலை எப்போதோ நின்று போயிருக்கும். இளவரசி இதைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். அவள் திறக்காவிட்டால் வேறு யாராவது திறந்துதான் ஆக வேண்டும். முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் யார் வேண்டுமானாலும் பேசட்டும்.

இளவரசி மானாம்பதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் மோகன்குமார் நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறவன். அறுப்புக் காலம் வந்தால் வீடு தங்க மாட்டான். இவள் பன்னிரண்டாவது வரை படித்தவள், வீட்டிலேயே ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வாலாஜாபாத்திலிருந்து ஒரு டிரஸ்ட், ஊருக்குள் போய்வர ஒரு பொம்பளை ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்தது.

அந்த டிரஸ்ட் ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளிடம் பணம் வாங்கி ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்கும். ஓர் ஊரில் பிள்ளைகளுக்கு டியூஷன், இன்னோர் ஊரில் தையல். மானாம்பதியில் தனியாகக் கிடக்கிற வயசானவர்களுக்குத் துணை. பிள்ளைகள் படப்பையிலும் சென்னையிலுமாகப் போய்விட்ட பிறகு ஒற்றை ஆளாக இருக்கிறவர்கள் முப்பத்திரண்டு பேர் தேறினார்கள். வாரத்தில் இரண்டு நாள் ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். பிரஷர் பார்க்க வேண்டும், மாத்திரை வாங்கித் தர வேண்டும், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். வியாழக்கிழமை மதியம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு சாப்பாடு.

பணம் கொடுக்கிறவன், கொடுத்ததால் என்ன நன்மை நடந்தது என்று கேட்பான். கேட்கட்டும், அது கேட்க வேண்டிய கேள்விதான். அதற்காக டிரஸ்ட்டில் இருபது கேள்வி வைத்திருந்தார்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, தூக்கம் வருகிறதா, பேச ஆள் இருக்கிறதா, இப்படி. எழுத்து தெரியாதவர்களுக்காக ஓர் அட்டையில் ஐந்து முகம் வரைந்திருந்தது. முதல் முகம் அழும், ஐந்தாவது முகம் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும். கேள்வியைக் கேட்டதும் ஏதாவது ஒரு முகத்தின்மேல் விரலை வைக்க வேண்டும். அழுகிற முகத்துக்கு ஒரு மார்க், சிரிக்கிற முகத்துக்கு ஐந்து. வேலையை ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, வருஷம் முடிந்ததும் ஒரு தடவை கேட்பது. மார்க் ஏறியிருந்தால் அந்த ஊருக்கு இன்னும் மூன்று வருஷம் உண்டு. இறங்கியிருந்தால் அத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். டிரஸ்ட்டில் இதையெல்லாம் மேற்பார்வை பார்க்கிற கிரிதர் என்கிற பையன் அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். என்றைக்கு ஆரம்பிப்பது என்பதை அவளிடமே விட்டுவிட்டான்.

அவள் காலண்டரைப் பார்த்தாள். தை மாதம். நல்ல காரியம், வெள்ளிக்கிழமையாகப் பார்த்து ஆரம்பிப்போம் என்று முடிவு செய்தாள். பகலெல்லாம் தையல் வேலை இருந்ததால் சாயங்காலம்தான் கிளம்ப முடிந்தது. தையின் நான்கு வெள்ளியிலும் எட்டு எட்டு வீடாக, தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு போனாள். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் கோலம், உள்ளே விளக்கு.

அந்த நேரத்தில் எந்த வீட்டிலாவது குறை சொல்லுவார்களா? ராணியம்மாள் முட்டி வலி தாங்காமல் ஒரு வருஷமாக நின்றுகொண்டே சமைக்கிறவள். அவளிடம் போய், உடம்பில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று இளவரசி கேட்டாள்.

"வெள்ளிக்கெழமயும் அதுவுமா வெளக்கு வெக்கிற நேரத்துல வந்து குறை இன்னான்னு கேக்குறியே, அறிவு கீதாடி உனக்கு?" என்று திட்டிவிட்டு, ராணியம்மாள் சிரிக்கிற முகத்தின்மேல் விரலை வைத்தாள். இளவரசியும் சிரித்துக்கொண்டே ஐந்து போட்டாள்.

அடுத்த வீடு தாண்டவராயன் வீடு. இரண்டு காணி பயிர் வைத்து வாழ்ந்த மனுஷன். பெண்சாதி போய், இடது கால் இழுத்துக்கொண்ட பிறகு வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடக்கிறார். அன்றைக்கு அடுப்பு மூட்டின சுவடே அந்த வீட்டில் இல்லை. ஆனாலும் யாரோ ஒரு புண்ணியவதி விளக்கை ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாள். மூன்று வேளையும் சாப்பிடுகிறீர்களா தாத்தா என்று கேட்டதற்கு, மகன் ராஜா மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லி ஐந்தாவது முகத்தைத் தொட்டார். புதுசாக வந்தவள் கையில் பேனா இருக்கிறது. அவள் எழுதிக்கொண்டு போவது பெற்ற பிள்ளையின் பெயரை அல்லவா? இளவரசிக்கு அது உறைக்கவில்லை. முப்பத்திரண்டு வீட்டையும் கூட்டிப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு வந்தது. மனசு குளிர்ந்து போய் வாலாஜாபாத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

வேலை ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொரு வீட்டின் உள்பக்கமும் தெரிந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு நாள், நேற்றிலிருந்து தண்ணீர் மட்டும்தான் என்று தாண்டவராயன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பென்ஷன் வாங்கலாம் என்றால், மண்ணில் தேய்ந்த விரலை பேங்க் மிஷின் ஏற்றுக்கொள்ளவில்லை. அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு உத்திரமேரூருக்கு ஐந்து நடை போய்வந்து, கடைசியில் கண்ணைக் காட்டிப் பதிய வைத்தாள். ராணியம்மாளுக்குக் காஞ்சிபுரத்தில் கண் ஆபரேஷன். மகள் வர முடியாது என்று போன் பண்ணிவிட்டாள். மூன்று நாள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் படுத்துக் கிடந்தது யார்? அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு ரேஷன் கடை வரிசையில் யார் யார் வருகிறார்கள் என்று பார்க்கிறாள்.

வருஷம் திரும்பியது. மறுபடி அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இந்தத் தடவை நாள் பார்க்கவில்லை, ஒரே வாரத்தில் வழக்கமாகப் போகிற வேளையிலேயே முடித்தாள். வாசலில் நின்று கேட்கவும் இல்லை. அடுப்பங்கரையில் முறத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து கேட்டாள். அவர்களும் இந்தத் தடவை விருந்தாளிக்குச் சொல்கிற பதிலைச் சொல்லவில்லை. இராத்தூக்கம் இல்லை என்றார்கள். மகன் போன் எடுப்பதில்லை என்றார்கள். பேச ஆள் இருக்கிறதா என்று கேட்டபோது தாண்டவராயன் விரல் அழுகிற முகத்துக்குப் போனது. கண் சரியாகத் தெரியாமல் வைத்துவிட்டார் என்று நினைத்து அட்டையை நேராகத் திருப்பிக் காட்டினாள். விரல் அங்கேயேதான் இருந்தது.

"நான் வரேனே தாத்தா, வாரத்துல ரெண்டு நாளு."

"வர்றம்மா. யாரு இல்லேன்னா? நீ வர்றதுக்கு முன்ன எல்லா நாளும் ஒரே மாரி கெடந்துது. இப்போ நீ வராத அஞ்சி நாளும் பெருசா கீது."

அவள் ஒன்று போட்டாள். கூட்டிப் பார்த்ததில் இந்தத் தடவை நூற்றுக்கு ஐம்பத்தொன்று.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்த நாலாம் நாள் கிரிதர் கூப்பிட்டனுப்பினான். ஆபீசுக்குப் பக்கத்தில் ரைஸ் மில் ஓடுகிற சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது. அவன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினான். அதில் இரண்டு கம்பம், ஒன்று நெட்டையாக, பக்கத்தில் ஒன்று குட்டையாக. ஒரு வருஷம் வேலை பார்த்து ஊரையே அழ வைத்துவிட்டீர்கள் என்றுதான் இதைப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள் என்றான். பத்து நாளில் கமிட்டி கூடுகிறது. இப்படியே போனால் ஏப்ரலோடு மானாம்பதி இல்லை, அந்தப் பணம் கூரம் பக்கத்து ஊருக்குப் போகும். வெள்ளிக்கிழமை விளக்கு நேரத்தில் கேட்டதை அவள் எடுத்துச் சொன்னாள். அவனும் கோயில் பூசை பார்க்கிற வீட்டில் வளர்ந்த பையன், சொல்லி முடிப்பதற்குள் புரிந்துகொண்டான்.

"எனக்குப் புரியுதுக்கா. பேப்பருக்குப் புரியாதே. பேசாம இன்னொரு வாட்டி போய்க் கேட்டு வாங்க. நல்ல நாளாப் பாத்து," என்றான். சொன்னவன் சிரிக்கவில்லை.

செய்தி அவளுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. பஸ் நிறுத்தத்திலேயே ராணியம்மாள் பிடித்துக்கொண்டாள். "இன்னாத்துக்கு இந்த பேஜாரு? அட்டைய எடுத்துக்கினு வா. அல்லாரும் சிரிக்கிற மூஞ்சியிலயே வெக்கிறோம். நீ பாட்டுக்கு எழுதிக்கினு போ."

செய்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? மோகன்குமாரும் அதைத்தான் சொன்னான். இரண்டு நாள் அவள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு துணியும் தைக்காமல் இருந்தாள். முப்பத்திரண்டு பேரின் மாத்திரையும் சாப்பாடும் அவள் எழுதப் போகிற எழுத்தில் தொங்கியது. ஆனால் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதிவிட்டால், தாண்டவராயனின் ஐந்து நாள் எந்தக் கமிட்டிக்கும் தெரியாது. அந்தக் கிழவர் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொல்லியிருந்தார். அதை அழித்துவிட்டு மறுபடி அவர் விரலைப் பிடித்து இழுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் வாலாஜாபாத்துக்குப் போனாள். சட்டதிட்டம் என்று ஒரு புத்தகம் வைத்திருக்கிறீர்களே, அதை வாசியுங்கள் சார் என்று கிரிதர் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். அவன் பாதிக்கு மேல் வாசித்து ஓர் இடத்தில் தாண்டப் பார்த்தான். இவள் விடவில்லை. அதில் இருந்தது இதுதான்: முதல் தடவை கேட்டது சரியில்லை என்று கேட்ட ஆளே எழுதிக் கொடுத்தால் அதைத் தள்ளிவிடலாம். இரண்டாவதாக எடுத்ததே ஆரம்பம் என்று வைத்துக்கொண்டு, ஊருக்கு இன்னொரு வருஷம் கொடுத்து, அங்கிருந்து ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் எழுதிக் கொடுத்த ஆள் அதற்குப் பிறகு டிரஸ்ட் வேலையில் இருக்கக் கூடாது.

"இதுக்குத்தான் உங்ககிட்ட சொல்லல," என்றான் கிரிதர்.

இப்போது எடுத்தது ஓர் எழுத்து மாறாமல் அப்படியே நிற்குமா என்று கேட்டாள். நிற்கும் என்றான். ஆரம்பமே இவ்வளவு கம்மி என்றால் இன்னோர் ஆளையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேட்கலாம், கொடுப்பார்களா என்று மட்டும் தெரியாது என்றான். அது போதும் என்று வெள்ளைக் காகிதம் கேட்டு வாங்கினாள்.

"செய்யாத தப்பைச் செஞ்சதா எழுதறீங்களேக்கா."

"செய்யாத தப்பு எங்க சார் கீது? நாளு பாத்தது நானு. வெளக்கு எரியிற வூட்டுல போயி குறை இன்னான்னு கேட்டா எவ சொல்லுவா? என் வூட்டுக்கு வந்து கேட்டிருந்தா நானும் சிரிக்கிற மூஞ்சியதான் தொட்டிருப்பேன். இது தெரியாம இன்னாத்துக்கு அந்த ஊர்ல வாக்கப்பட்டேன்?"

கையெழுத்துப் போட்டாள். கமிட்டி ஏற்றுக்கொண்டது. ஊருக்கு இன்னொரு வருஷம் உண்டு, இளவரசிக்கு மார்ச் மாதத்தோடு சரி என்று சொல்லிவிட்டார்கள். காரணத்தை ஊரில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் விரல் போன இடத்தால்தான் என் வேலை போனது என்று எந்தக் கிழவனிடம், எந்தக் கிழவியிடம் போய்ச் சொல்வது? அவள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்த இடத்தை மற்றவர்கள் வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்பிக்கொண்டார்கள்.

மார்ச் கடைசி நாள், தனக்குப் பதிலாக வருகிற சுலோச்சனாவுக்கு ஆபீசில் வைத்தே எல்லாம் ஒப்படைத்தாள். பிரஷர் மிஷின், மாத்திரைப் பை, முப்பத்திரண்டு பேரின் சீட்டு. ஒவ்வொரு சீட்டாக எடுத்துச் சொன்னாள். தாண்டவராயனுக்கு வலது காது கேட்காது, இடது பக்கமாக உட்கார வேண்டும். ராணியம்மாள் முதலில் ஏசுவாள், அதற்குப் பயந்து திரும்பி வந்துவிடக் கூடாது. கண்ணுக்குச் சொட்டு மருந்தைத் தானாகக் கேட்க மாட்டாள், போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் வீட்டிலும் எதுவும் கேட்காதே. சுலோச்சனா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

நாஷ்டா சாப்பிட்டுவிட்டுப் போகலாம் அக்கா என்று கிரிதர் எழுந்து நின்றான். பதினொன்றே காலுக்கு உத்திரமேரூர் பஸ், அதை விட்டால் வெயிலில் நிற்க வேண்டும் என்றாள். கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். தானாக மூடிக்கொள்கிற கதவு அது. அது மூடுவதற்குள் அவள் படி இறங்கித் தெருவுக்குப் போய்விட்டாள்.