விலாங்குகளுக்குத் திறந்த வாஷ்அவுட் கதவு

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் எழுத உட்காருவது அதிகப்படிதான். நாலு பேர் முன்னால் பேசவே எனக்கு நாக்கு எழாது. இருந்தாலும் டர்பைன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில், இலங்கையில் ஓப்பநாயக்க ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டர்பைன் பார்க்கும் வேலை எனக்கு. பேக்டரிக்கு வெளிக் கரண்ட் கிடையாது. மலை ஓடையை மறித்து, வாய்க்கால் வெட்டி, ஒரு டேங்கில் தண்ணீரைச் சேர்ப்போம். அங்கிருந்து இரும்புக் குழாய் செங்குத்தாக இறங்கும். அதன் முனையிலிருக்கும் நொசில் சக்கரத்தின்மேல் தண்ணீரைப் பீச்சி அடிக்கும். சக்கரம் சுற்றினால்தான் கொழுந்தைச் சுருட்டும் ரோலர் முதல் எல்லாம் ஓடும். டேங்கில் குழாயின் வாயை மறைத்துக் கம்பி கிரேட்டிங் இருக்கும். மறு மூலையில் வாஷ்அவுட் என்று ஒரு சின்ன இரும்புக் கதவு. சேற்றைக் கழுவிவிட அதைத் தூக்குவோம். தண்ணீர் பழைய ஓடைக்கே போய்விடும்.

ஒரு மழைக்காலச் சாயங்காலம். ரோலர் நிறையக் கொழுந்து. திடீரென்று சக்கரத்தின் சத்தம் மாறியது. வேகம் விழுந்து, பெல்ட் வழுக்கி, பேக்டரியே நின்றுவிட்டது. வால்வை அடைத்து நொசிலைக் கழற்றினோம். உள்ளே என் கை மொத்தத்தில் ஒரு விலாங்கு. கிரேட்டிங் இடுக்கில் புகுந்து, குழாய் வழியாக இறங்கி, சிக்கிச் செத்திருந்தது. அதை இழுத்துப் போட்டு மறுபடி ஓட்டுவதற்குள் கொழுந்து அளவு மீறிப் புளித்துக் கெட்டது.

சல்லடை அறைப் பெண்களுக்கு அன்று கொண்டாட்டம். "சுப்பையாண்ணே, கொழம்பா பொரியலா? சொன்னீங்கன்னா மொளகா அரைச்சு வைப்போம்ல!"

பேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் சிரிக்கவில்லை. கிரேட்டிங்மேல் கோழிவலை கட்டச் சொன்னார். கட்டினோம். அடுத்த பெருமழையில் விலாங்கு குழாய்க்குள் வரவில்லைதான். ஆனால் இலையும் பாசியும் வலையில் பாய்போல அப்பிக்கொண்டன. தண்ணீர் போதாமல் பேக்டரி மறுபடியும் நின்றது.

இந்தத் தடவை தோட்டத்து மேனேஜரான துரையே இறங்கி வந்தார். சிங்களவர், தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். "இங்க பாரு சுப்பையா. இன்னொரு வாட்டி நின்னுச்சின்னா டர்பைன மூடிட்டு ரோட்டுல போற கரண்ட இழுத்துருவேன். நீ மலைக்கு வேலைக்குப் போ. தெரியுதா?"

"சரிங்க தொர" என்றேன். மண்வெட்டியைப் போட்டுவிட்டு டர்பைன் அறைக்கு வந்தவன் நான். நொசில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வேன். திரும்பவும் மண்வெட்டியா என்று அன்று சோறு இறங்கவில்லை.

வலையைக் கழற்றிவிட்டு, நானும் வாய்க்கால் காவல் பார்க்கும் பியதாச அண்ணனும் டேங்கை வடித்தோம். சேற்றில் விலாங்குகள் நெளிந்தன. நான் கத்தியை எடுத்தேன்.

"அனே, பவ் சுப்பையா!" என்று அவர் சிங்களத்தில் பதறிக் கையைப் பிடித்தார். "இன்னிக்கு போயா, பௌர்ணமி நோன்பு. பாவம் செய்யாத."

"கறிக்காவது ரெண்டு எடுத்துக்கிறேண்ணே."

"போயா முடிஞ்சு தின்னு. இன்னிக்கு எல்லாம் உசிரோட போகணும்."

எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் டின்னில் போட்டு, அணைக்கு மேலே ஒரு குழியில் கொண்டுபோய் விட்டார். வால் துடுப்பு கிழிந்த ஒன்று டின்னிலிருந்து துள்ளி விழுந்தது. அதைத் துரத்திப் பிடிக்க அவர் பட்ட பாடு சொல்லி முடியாது.

அடுத்த மழைக்கு கிரேட்டிங்கில் இலை வாரும்போது ஒரு விலாங்கைத் தூக்கிக் காட்டினார். அதே கிழிந்த வால்.

"மேல விட்டேன். மறுபடி வந்துட்டான்!"

"நீங்க விட்ட எடத்துல சாப்பாடு சரியில்ல போல" என்றேன்.

"இவன் இங்க இருக்க வரல சுப்பையா. இவன் எங்கயோ போறான்."

அப்போதுதான் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. டர்பைன் தண்ணீர் ஓடையில் விழும் இடத்தில், சில மாதங்களில் ஊசி மாதிரிக் குஞ்சுகள் ஈரப் பாறையில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். ஈரம் விட்டுப்போனால் நின்று, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, கசிவைக் கண்டுபிடித்து மறுபடி ஏறும். சின்னதில் ஏறுகிறவை பெரிதானதும் இறங்குகின்றன.

இருவரும் டேங்கைக் கவனித்தோம். எல்லா விலாங்கும் கிரேட்டிங்கில் முட்டவில்லை. பல, சுவரோரமாகவே போய் வாஷ்அவுட் மூலையில் கூடின. அந்தக் கதவு லேசாக ஒழுகும். ஒழுகும் இடத்துக்கே தலையை வைத்துக் கிடந்தன.

கதவைத் திறந்துவைக்கலாம் என்று டீமேக்கரிடம் போய்ச் சொன்னேன்.

"தண்ணிய வெளிய வுட்டுட்டு ரோலர ஒன் தலையாலயா சுத்துவ?"

"மழைக்கு டேங்கு நெறஞ்சு மேல வழியுதுங்கய்யா. அந்த வழியிற தண்ணியத்தான் கதவு பக்கமா விடப் போறோம்." அவரிடம் நான் அதுவரை அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"நின்னுச்சின்னா தொரகிட்ட ஒன் பேரத்தான் சொல்லுவேன்."

"சொல்லுங்கய்யா."

மூன்றாம் நாள் மத்தியானமே வானம் இருண்டு கொட்டியது. பேக்டரி நிறையக் கொழுந்து. கீழே டர்பைனுக்குத் துணை ஆளை வைத்துவிட்டு டேங்குக்கு ஏறி, கதவை ஒரு கை அகலம் தூக்கினேன். துரை குடையோடு வந்தார். பின்னால் டீமேக்கர்.

இருட்டிக்கொண்டு வரும்போது முதல் விலாங்கு வந்தது. கிரேட்டிங்கில் மோதி நின்றது. அது திரும்பி, சுவரைத் தடவிக்கொண்டே போய், கதவுக்கடியில் நழுவி மறைந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு கயிறு இழுத்ததுபோல வரிசையாகப் போயின. ஒரு தடியன் கதவில் இடறியபோது டீமேக்கரே குனிந்து அதை இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டார்.

"எங்கடா போகுது இதெல்லாம்?" என்றார் துரை.

"கடலுக்கு மாத்தயா" என்றார் பியதாச. சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா.

"கடல் எங்க, ஓப்பநாயக்க எங்க!"

"அதுக்கு வழி தெரியும் மாத்தயா. நமக்குத்தான் பஸ் வேணும்."

துரை சிரித்துவிட்டார். கீழே சக்கரத்தின் சத்தம் கடைசி வரை மாறவே இல்லை. போகும்போது என் பக்கம் திரும்பி, "கரண்ட் வேணாம். டர்பைன நீயே பாத்துக்க சுப்பையா" என்றார்.

விலாங்கு கடலில்தான் முட்டையிடும் என்று பல வருடம் கழித்து வானொலியில் சொன்னார்கள். அந்தப் பெரிய தண்ணீரில் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது படித்தவர்களுக்கும் சரியாகத் தெரியாதாம். எங்கள் டேங்கைத் தாண்டும் வரைக்குமான வழி எனக்குத் தெரியும். அதைத் திறந்தவர்களில் நானும் ஒருவன் என்பதில் எனக்குப் பெருமைதான். நான் அங்கே இருந்தவரை விலாங்கால் பேக்டரி நின்றதில்லை. வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒன்றை மறிப்பதற்கு முன்னால் அது எங்கே போகப் பார்க்கிறது என்று ஒரு தடவை நின்று கவனியுங்கள்.

கதவைத் திறந்த அந்த ராத்திரிக்கு மறுநாள் மழை இல்லை. கொழுந்து குறைவாக வந்ததால் பேக்டரியை மத்தியானத்தோடு நிறுத்தினார்கள். நான் பேரிங்குக்கு கிரீஸ் போட்டேன்.